ஓரிடத்தில் தங்க முடியாத வைத்தியன்

ஜப்பான் டெலிவிஷனில் வந்த ஓர் அபூர்வ சித்திரத் தொடர்

மலைப் பாதை. இரு பக்கமும் அடர்ந்த காடு. இப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

அந்தப் பாதையில் ஒரு வாலிபன் நடந்து வருகிறான். முதுகில் ஒரு மரப்பெட்டி. அதில் சின்னச் சின்ன இழுப்பறைகள். வாயில் சிகரெட். வயது அதிகம் இல்லை. ஆனால் தலைமுடி முழுவதும் வெள்ளை. ஒரு கண்தான் தெரிகிறது. அது பச்சை நிறக் கண். மற்றொரு கண் இருக்க வேண்டிய இடத்தைத் தலைமுடி மறைத்துக் கொண்டிருக்கிறது.

எங்கே போகிறான்? அடுத்த ஊருக்கு. அங்கே யாருக்கோ ஒரு விசித்திர நோய். உள்ளூர் வைத்தியர்கள் கைவிட்டு விட்டார்கள். இவன் போய்ப் பார்ப்பான். தன்னால் ஆனதைச் செய்வான்.

எத்தனை நாள் தங்குவான்? சில நாட்கள்தான். "இன்னும் கொஞ்ச நாள் இருங்களேன்" என்று வீட்டார் கெஞ்சினாலும் இருக்க மாட்டான். பெட்டியைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டு நடந்து விடுவான்.

இவன் பெயர் கிங்கோ. "முஷிஷி" என்ற ஜப்பானிய சித்திரத் தொடரின் கதாநாயகன்.

சண்டை இல்லை, வில்லன் இல்லை!

சித்திரங்களை அசைய வைத்து எடுக்கும் படங்களை ஜப்பானியர்கள் "அனிமே" என்பார்கள். அனிமே என்றதும் பலருக்கு நினைவு வருவது சண்டைதான். ஆகாயத்தில் பறந்து அடிக்கும் வீரர்கள், மலை போன்ற இயந்திர மனிதர்கள், காது கிழியும் சத்தம்!

முஷிஷியில் இவை ஒன்றும் கிடையாது. இதில் வில்லனே இல்லை. கதாநாயகன் கத்தியைத் தூக்குவதில்லை. உரக்கப் பேசுவதுகூட அரிது. அவன் நடக்கிறான்; கேட்கிறான்; யோசிக்கிறான்; மருந்து கொடுக்கிறான். அவ்வளவுதான். ஆனாலும் பார்க்கத் தொடங்கியவர்கள் பாதியில் எழுந்து போவதில்லை.

முதலில் இது படக்கதையாக வந்தது. எழுதி வரைந்தவர் ஒரு பெண். பெயர் யூகி உருஷிபாரா. 1974-ல் பிறந்தவர். 1999-ல் தொடங்கிய இந்தப் படக்கதை 2008 வரை வந்தது. மொத்தம் 10 புத்தகங்கள். 2006-ல் "கோடன்ஷா" படக்கதை விருது இதற்குக் கிடைத்தது.

2005 அக்டோபரில் இது டெலிவிஷனுக்கு வந்தது. "ஆர்ட்லேண்ட்" என்ற நிறுவனம் தயாரித்தது. டைரக்டர் ஹிரோஷி நாகஹாமா. 2006 ஜூன் வரை 26 கதைகள் ஒளிபரப்பாயின. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. 2014-ல் அதே டைரக்டர் மறுபடியும் 20 கதைகள் எடுத்தார். கிங்கோவுக்குக் குரல் கொடுத்தவரும் அதே யூட்டோ நகானோதான். எட்டு ஆண்டு ஆகியும் கிங்கோ மாறவில்லை. நேற்றுப் போனவன் இன்று திரும்பி வந்ததுபோல நடந்து வந்தான்!

ஒவ்வொரு கதையும் தனித்தனி. அரை மணி நேரத்துக்குள் முடிந்து விடும். ஒன்றைப் பார்க்காவிட்டால் அடுத்தது புரியாதோ என்ற கவலை வேண்டாம். எந்தக் கதையிலிருந்தும் தொடங்கலாம்.

முஷி என்றால் என்ன?

"முஷி" என்றால் ஜப்பானிய மொழியில் பூச்சி, புழு என்று பொருள். ஆனால் இந்தத் தொடரில் வரும் முஷிகள் வேறு. இவை கற்பனை உயிர்கள். செடியும் அல்ல, பிராணியும் அல்ல, பேயும் அல்ல. எல்லா உயிர்களுக்கும் மூத்த உயிர்கள். பலருடைய கண்ணுக்கு இவை தெரியாது. சிலருக்கு மட்டும் தெரியும். இவற்றைப் பற்றி அறிந்து வைத்தியம் செய்பவன்தான் "முஷிஷி".

முதல் கதையில் கிங்கோ இதை ஒரு சிறுவனுக்கு விளக்குகிறான். அந்த விளக்கம் அழகானது. எழுத்தறியாதவருக்கும் புரியும்.

உங்கள் கையை நீட்டிப் பாருங்கள். நான்கு விரல்களும் பிராணிகள். கட்டை விரல் செடி கொடிகள். நடுவிரலின் நுனியில் இருப்பவன் மனிதன். விரல்களிலிருந்து கீழே வாருங்கள். மணிக்கட்டுப் பக்கம் காளான்களும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும். அங்கே செடி எது, பிராணி எது என்று பிரிப்பது கடினம். இன்னும் மேலே வாருங்கள். முழங்கை, தோள், பிறகு நெஞ்சு. இருதயத்துக்குப் பக்கத்தில் இருப்பவைதான் முஷிகள்!

மனிதன் விரல் நுனியில் இருக்கிறான். உயரத்தில் இருக்கிறோம் என்று அவன் நினைக்கலாம். ஆனால் இருதயத்திலிருந்து அவன்தான் தூரத்தில் இருக்கிறான்.

முஷிகள் யாருக்கும் தீங்கு நினைப்பதில்லை. அவை தம்பாட்டுக்குப் பிழைக்கின்றன. மரம் வேர் விடுவதுபோல, எறும்பு இரை தேடுவதுபோல. அந்தப் பிழைப்பு மனிதன் வாழ்க்கையில் குறுக்கிடும்போதுதான் நோய் வருகிறது. ஆகவே கிங்கோ அவற்றைப் பகைவராக நினைப்பதில்லை. கூடிய மட்டும் கொல்லாமல் விலக்கவே பார்க்கிறான்.

காதுக்குள் ஓர் எரிமலை

பனி மூடிய ஒரு மலை ஊர். அங்கே பலருக்குக் காது கேட்காமல் போகிறது. காரணம், ஒலியைத் தின்னும் ஒரு முஷி. அதன் பெயர் "உன்". கிங்கோ வந்து அவர்களைச் சீக்கிரம் குணப்படுத்தி விடுகிறான்.

ஆனால் அங்கே ஒரு சிறுவன் இருக்கிறான். பெயர் மாஹோ. அவன் நோய் நேர்மாறானது. அவன் காதில் ஓயாமல் சத்தம் கேட்கிறது. நெற்றியில் கொம்புகள் முளைத்திருக்கின்றன. அவனைப் பிடித்திருப்பது அமைதியைத் தின்னும் முஷி. அதன் பெயர் "ஆ". அதே கொம்பு நோயால்தான் மாஹோவின் தாயும் இறந்து போனாள்.

"ஆ", "உன்" என்ற பெயர்களில் ஒரு பொருள் இருக்கிறது. ஜப்பானியக் கோயில் வாசலில் இரண்டு காவல் சிலைகள் நிற்கும். ஒன்றின் வாய் திறந்திருக்கும்; மற்றதன் வாய் மூடியிருக்கும். திறந்த வாய் "ஆ" என்கிறது. மூடிய வாய் "உன்" என்கிறது. ஓம் என்ற நம் நாட்டு மந்திரத்தின் தொடக்கமும் முடிவும்தான் இவை. புத்த மதத்தோடு கடல் கடந்து போன ஒலிகள்!

சரி, மாஹோ என்ன ஆனான்? மருந்து எங்கும் கிடைக்கவில்லை. கடைசியில் அது அவன் தாயின் பேச்சில் இருந்தது. கைகளால் காதைப் பொத்தினால் ஓர் ஒலி கேட்கும், அது பூமிக்கடியில் எரிமலைக் குழம்பு ஓடுவதுபோல் இருக்கும் என்று அவள் சொல்லியிருந்தாள். உடம்பின் உள்ளே உயிர் எழுப்பும் ஒலி அது. அந்த ஒலியைத்தான் அந்த முஷியால் தாங்க முடியாது.

நீங்களும் இரண்டு காதையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்திப் பாருங்கள். "கொம்" என்று ஓர் அடங்கிய முழக்கம் கேட்கும். கைச் சதைகள் விடாமல் அதிர்வதால் எழும் ஒலி அது. முஷி கற்பனை. ஆனால் இந்த ஒலி நிஜம்!

யாருக்கு அந்தச் சாப்பாடு?

இன்னொரு கதையில் ஒரு தாயும் மகனும் வருகிறார்கள். மகன் பெயர் காஜி. தாய் பெயர் சாயோ. தகப்பன் பிழைப்புக்காக வெளியூர் போனவன், திரும்பி வரவில்லை.

வீட்டில் ஒருவர் பயணம் போனால், அவர் நலமாகத் திரும்ப வேண்டும் என்று அவருக்கும் ஒரு பங்கு சாப்பாடு எடுத்து வைப்பது ஜப்பானில் ஒரு பழைய வழக்கம். "நிழல் சாப்பாடு" என்று அதற்குப் பெயர். சாயோ தினமும் கணவனுக்கு அப்படி எடுத்து வைக்கிறாள்.

திடீரென்று அவளுக்கு மறதி வருகிறது. முதலில் சின்னச் சின்னச் சொற்கள் மறக்கின்றன. பிறகு மனிதர்கள் மறக்கிறார்கள். நினைவைத் தின்னும் ஒரு முஷி அவள் தலைக்குள் புகுந்து விட்டது. கிங்கோ வந்து பார்க்கிறான். உண்மையைச் சொல்கிறான். அதை வெளியே எடுக்க வழி இல்லை. தினமும் நினைத்துக் கொண்டிருக்கும் விஷயங்கள் மட்டும் தப்பும்.

தாயும் மகனும் தகப்பனைத் தேடிப் புறப்படுகிறார்கள். கண்டுபிடிக்கிறார்கள். ஐயோ! அவன் வேறோர் ஊரில் வேறொரு மனைவியோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்து கொண்டிருக்கிறான்!

சாயோ சண்டை போடவில்லை. திரும்பி விடுகிறாள். பிறகு தூங்கி எழும்போது கணவனை அவள் அடியோடு மறந்து விடுகிறாள்.

வீட்டில் பழையபடி வேலை நடக்கிறது. ஆனாலும் சாப்பாட்டு வேளையில் அவள் கை ஒரு பங்கு அதிகமாக எடுத்து வைக்கிறது. யாருக்கு என்று அவளுக்கே தெரியாது. அப்படி வைத்தால் மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது. மகன் அதைப் பார்த்துக் கொண்டிருக்கிறான்.

மறதி நோய் வந்த தாத்தாவோ பாட்டியோ இருக்கும் வீட்டார் இந்தக் கதையை உலர்ந்த கண்ணோடு பார்க்க முடியாது. பெயர் மறந்த பிறகும் கை மறக்காத வேலைகள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும்.

விளைச்சலுக்கு விலை

எல்லாக் கதையிலும் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. சில கதைகளில் முஷியைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்.

ஒரு கிராமம். பஞ்ச காலத்தில் சுற்றுவட்டாரம் எல்லாம் காய்கிறது. அந்த ஊரில் மட்டும் பயிர் செழித்து நிற்கிறது. ஆனால் அறுவடை முடிந்ததும் ஊரில் ஓர் உயிர் போகிறது. சாகப் போகிறவருக்கு வாயில் ஒரு பல் புதிதாக முளைக்கிறது. அந்தப் பல்தான் அடுத்த பஞ்சத்துக்கு விதை!

இந்த ரகசியம் ஊர்ப் பூசாரிக்குத் தெரியும். முன்பு ஒரு பஞ்சத்தில் அவர் விதையைப் பயன்படுத்தினார். ஊர் பிழைத்தது. பலியானது அவருடைய மனைவி!

இப்போது மீண்டும் பஞ்சம். ஊர் முழுவதும் பட்டினி கிடக்க வேண்டுமா? ஓர் உயிரைக் கொடுத்து மற்றவர்களைக் காப்பதா? இதற்கு யார் விடை சொல்ல முடியும்? "இந்தத் தடவை என் உயிர் போகட்டும்" என்று பூசாரி முடிவு செய்கிறார்.

கிங்கோ இங்கே என்ன செய்கிறான்? செய்யக் கூடாத ஒரு காரியத்தைச் செய்கிறான். உயிர் போன பூசாரிக்கே அந்த விதையைக் கொடுத்து விடுகிறான். அவர் எழுந்து விடுகிறார். ஆனால் இனி அவருக்குச் சாவு கிடையாது. ஊரையும் விட்டுப் போகிறார். பயிர் வளர்க்கும் நல்ல முறைகளை ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு அலைகிறார்.

கிங்கோ செய்தது சரியா, தவறா? தொடர் அதைச் சொல்லவில்லை. பார்ப்பவர்கள்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். எந்த வீட்டிலும் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு இது ஒன்றே பேச்சாகி விடும்.

ஏன் அவன் தங்குவதில்லை?

பெட்டி சுமந்து ஊர் ஊராக வருபவன் ஜப்பானியர்களுக்குப் புதியவன் அல்ல. தொயாமா என்ற பகுதியின் மருந்து வியாபாரிகள் எடோ காலத்திலிருந்தே புகழ் பெற்றவர்கள். பின்னல் பெட்டிகளை அடுக்கி, துணியில் கட்டி, முதுகில் சுமந்து நாடெங்கும் நடப்பார்கள். வீட்டுக்கு வீடு மருந்துகளைக் கொடுத்து விட்டுப் போவார்கள். காசு அப்போது வாங்க மாட்டார்கள். அடுத்த முறை வரும்போது, செலவான மருந்துக்கு மட்டும் காசு வாங்குவார்கள். நம்பிக்கையின்மேல் நடந்த வியாபாரம்!

கிங்கோ அந்த ஜாதி நாடோடிதான். ஆனால் அவன் அலைவதற்குக் காரணம் வேறு.

அவன் உடம்பு முஷிகளை இழுக்கும். ஒரே இடத்தில் அதிக நாள் தங்கினால், அந்த இடமே முஷிகளின் கூடாகி விடும். அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து. அவன் ஓயாமல் சிகரெட் பிடிப்பதுகூட முஷிகளை விரட்டத்தான்.

அவன் கதை 12-வது கதையில் வருகிறது. அப்போது அவன் பெயர் யோக்கி. சிறு பையன். தாயோடு நாடோடியாகத் திரிந்தவன். மலைச் சரிவில் தாயை இழந்து அநாதை ஆனான். காட்டுக் குளத்தருகே வசித்த நூய் என்ற பெண் அவனைச் சேர்த்துக் கொண்டாள். அவளுக்கும் வெள்ளை முடி, ஒற்றைக் கண், அது பச்சைக் கண். அவள் கணவனையும் குழந்தையையும் அந்தக் குளம் ஏற்கெனவே கொண்டு போயிருந்தது. குளத்தில் இருந்த முஷியின் பெயர் "கிங்கோ". ஒரு நாள் நூய் இருட்டில் மறைந்தாள். பையன் ஒரு கண்ணை இழந்தான். முடி வெளுத்தது. தாயையும் மறந்தான், நூயையும் மறந்தான், தன் பெயரையும் மறந்தான். நினைவில் எஞ்சியிருந்த ஒரே பெயரைத் தன் பெயராக வைத்துக் கொண்டான்.

தனக்கு இவ்வளவு கெடுதல் செய்த உயிர்களை அவன் வெறுக்கலாம் அல்லவா? வெறுப்பதில்லை! எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியவனுக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. அதற்காக அவன் அழுவதும் இல்லை.

கண்ணுக்கு விருந்து, காதுக்கு ஓய்வு

கதை எந்தக் காலத்தில் நடக்கிறது? ஜப்பானில் எடோ காலம் 1868-ல் முடிந்து மெய்ஜி காலம் தொடங்கியது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கற்பனைக் காலம். எல்லாரும் கிமோனோ உடுத்தியிருப்பார்கள். கிங்கோ மட்டும் மேனாட்டுச் சட்டையும் கால்சட்டையும் போட்டிருப்பான்.

பின்னணிச் சித்திரங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாசி படிந்த பாறை, மூடுபனி, வயல் வரப்பு, அடுப்பங்கரையில் விழும் வெளிச்சம் எல்லாம் கையால் தொடலாம்போல் இருக்கின்றன. பேச்சு நின்ற இடத்தில் காற்றும் தண்ணீரும் பூச்சிகளும் பேசுகின்றன.

இசை தோஷியோ மசூடா. முதல் 26 கதைகளில் ஒவ்வொன்றின் முடிவிலும் வெவ்வேறு இசை! தொடக்கப் பாட்டு ஆங்கிலப் பாட்டு. பாடியவர் ஸ்காட்லாந்துக்காரரான ஆலி கெர். பாட்டின் தலைப்புக்கு "நோகும் கால்களின் பாட்டு" என்று அர்த்தம். நாடோடியின் கதைக்கு வேறு என்ன பொருத்தம் வேண்டும்?

கட்சுஹிரோ ஓட்டோமோ என்ற பெரிய டைரக்டர் இதை நடிகர்களை வைத்து சினிமாவாகவும் எடுத்தார். ஜோ ஒடாகிரி கிங்கோவாக நடித்தார். 2006-ல் வெனிஸ் திரைப்பட விழாப் போட்டியில் அது கலந்து கொண்டது.

குழந்தைகள் பார்க்கலாமா?

ஆபாசம் கிடையாது. ரத்தக்களரி கிடையாது. ஆனால் சாவு உண்டு, பிரிவு உண்டு. மிகச் சிறு குழந்தைகள் சில காட்சிகளில் பயப்படலாம். பெரியவர்கள் பக்கத்தில் இருப்பது நல்லது. பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தாராளமாகப் பார்க்கலாம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் பெரியவர்கள் தயாராக இருக்க வேண்டும்!

"மெதுவாகப் போகிறதே" என்று சிலர் குறை சொல்வார்கள். உண்மைதான். ஒரே மூச்சில் ஐந்தாறு கதைகளைப் பார்த்தால் அலுத்துவிடும். ஓர் இரவுக்கு ஒரு கதை போதும். விளக்கை அணைத்துவிட்டு, வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகு பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டில் நோய் வந்தால் முதலில் எழும் கேள்வி "யார் செய்த பாவம்?" என்பதுதான். மருமகள் வந்த நேரம், பிள்ளை பிறந்த நட்சத்திரம், பக்கத்து வீட்டார் கண் என்று யார் மீதாவது பழி விழும். நோயாளிக்கு நோயோடு அந்தப் பழியும் சேர்ந்து கொள்ளும்.

கிங்கோ எந்த வீட்டிலும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. "எப்போது ஆரம்பித்தது? எங்கே வலிக்கிறது? என்ன தெரிகிறது?" இவ்வளவுதான் கேட்கிறான். தீர்க்க முடிந்தால் தீர்க்கிறான். முடியாவிட்டால், அதோடு எப்படி வாழ்வது என்று சொல்லிக் கொடுக்கிறான். அந்த வீட்டில் யாரும் யாரையும் வெறுக்காமல் பார்த்துக் கொள்கிறான்.

பிறகு பெட்டியை எடுத்து மாட்டிக் கொள்கிறான். வாசல் வரை வந்து வழியனுப்புகிறார்கள். அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்துக் கையை அசைக்கிறான்.

அதோ, அடுத்த மலை தெரிகிறது. அங்கே யாரோ ஒருவர் அவனுக்காகக் காத்துக் கொண்டிருக்கிறார்.